கீழ்த்தட்டுக் குளிராத குளிர்சாதனப் பெட்டியைத் திருத்திய ஐந்து வாரங்கள்

ஆடி மாதக் கடைசியில், காய்ச்சி வைத்த பால் இரண்டாம் நாளே திரிந்துபோனபோதுதான் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் பிழை இருப்பதைக் கவனித்தேன். அது 2013 இல் வாங்கிய, மேலே உறைபெட்டியும் கீழே குளிர்ப்பெட்டியுமாக இரண்டு கதவுகள் கொண்ட, 250 லீற்றர் கொள்ளளவுள்ள, உள்ளே கட்டும் பனியைத் தானாகவே உருக்கிவிடும் நோ ஃப்ரொஸ்ற் வகைப் பெட்டி. மேல்தட்டில் மீன் கல்லாகவே இருந்தது. ஐஸ் கட்டியும் பிடித்தது. கீழ்த்தட்டில் மட்டும் கையை வைத்தால் குளிர் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இது பாலோடும் கறியோடும் முடிகிற விடயம் அல்ல. அம்மாவின் இன்சுலின் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. திறக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். உறைந்தாலும் கெடும், சூடேறினாலும் கெடும். எனவே புதிய குப்பிகளை அன்றே பக்கத்து வீட்டுப் பெட்டிக்கு மாற்றினோம். பாவனையில் இருந்த குப்பியை, ஈர மணல் நிரப்பிய சட்டிக்குள் சிறிய மண்முட்டி ஒன்றை இறக்கி, அதற்குள் வைத்து ஈரத்துணியால் மூடினோம். இலங்கையின் வடக்கில் உள்ள எங்கள் விசுவமடுவில், சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் அந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. காற்றுப்பட்டு ஈரம் ஆவியாக ஆவியாக, முட்டிக்குள் அறையைவிடத் தெளிவாகக் குளிர்ந்தது.

முதலில் அளக்க வேண்டும் என்று நினைத்தேன். பாடசாலை ஆய்வுகூடத்தில் கேட்டு வாங்கிய கண்ணாடி வெப்பமானியை ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்தி, இரவு முழுவதும் கீழ்த்தட்டின் நடுவில் விட்டேன். வெறுங் காற்றில் வைத்தால் கதவைத் திறந்த கணமே அளவு ஏறிவிடும். தண்ணீரில் வைத்தால் பெட்டியின் உண்மையான நிலை தெரியும். காலையில் 14 பாகை காட்டியது. மேல்தட்டில் பூச்சியத்துக்குக் கீழே 8. அதாவது, மேல்தட்டும் நலமாக இல்லை. மீன் கல்லாக இருந்தது எங்களை ஏமாற்றிவிட்டது.

பெட்டி திருத்துபவர் ஒருவரை அழைத்தோம். அவர் கதவைத் திறந்து பார்த்தார், கொம்பிறசரைத் தொட்டுப் பார்த்தார், “ரீச்சர், உது காஸ் குறைஞ்சிட்டுது. அடிச்சால் சரிவரும்” என்றார். குழாய்களுக்குள் ஓடிக் குளிரை உண்டாக்கும் வாயுவைத்தான் காஸ் என்றார். 9,500 ரூபா கேட்டார். அழுத்தமானி எதையும் பொருத்திப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறார் என்ற கேள்வி எனக்கு எழுந்ததால், யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கீழ்த்தட்டுக் குளிரவில்லை என்றதும் முதலில் எல்லோர் வாயிலும் வருவது காஸ்தான்.

அடுத்த சனிக்கிழமை, இலகுவானவற்றிலிருந்து தொடங்கினேன். பெட்டியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை முன்னே இழுத்தேன். பின்புறத்தின் அடிப்பகுதியில், கொம்பிறசரைச் சுற்றி, கிரவல் வீதியின் செம்புழுதி ஒரு படையாக அப்பியிருந்தது. அதற்குள் காய்ந்துபோன பல்லி ஒன்று. பிளக்கைக் கழற்றிவிட்டு, வர்ணம் பூசும் பழைய தூரிகையால் தட்டித் துடைத்தேன். பின்னர் கதவின் இறப்பர். பழைய மின்பட்டியல் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் இறுக்கம் தெரிய வேண்டும். கீழ்க்கதவின் பிணைச்சல் பக்க மூலையில் தாள் தடையின்றி வந்தது. சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, அந்த மூலையை மட்டும் சுடுநீரில் நனைத்த துணியால் சில நிமிடம் ஒற்றி, விரலால் வெளியே இழுத்து விட்டதும் இறப்பர் தன் வடிவத்துக்கு வந்தது. இரவில் கைப்பேசியின் விளக்கை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடிப் பார்த்தேன். வெளிச்சம் எங்கும் கசியவில்லை. அடுத்த நாள் வெப்பமானி 13 காட்டியது. அரை நாள் வேலைக்கு ஒரு பாகை.

அதன் பிறகுதான் உறைபெட்டியின் பின்பக்கத் தட்டைக் கழற்றத் துணிந்தேன். இந்த வகைப் பெட்டியில் குளிரை உண்டாக்கும் அலுமினியச் சுருள் அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஒரு சிறிய விசிறி அதனூடாகக் காற்றை இழுத்து, மேலேயும் ஒரு குழாய் வழியாகக் கீழேயும் தள்ளுகிறது. இரண்டு ஆணிகள்தான், அவற்றின் தலைகள் சிறிய பிளாஸ்ரிக் மூடிகளுக்குள் இருந்தன. ஆணிகளைக் கழற்றியும் தட்டு அசையவில்லை. நான் பலமாக இழுத்தேன். இடப்பக்கக் கொளுவி ஒன்று உடைந்தது. தட்டை உள்ளிருந்து பனி பிடித்து வைத்திருந்தது என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். பெட்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு சட்டியில் கொதிநீரை அரை மணிக்கொரு தடவை மாற்றி மாற்றி வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் தட்டு தானாகவே கழன்றது. கத்தியாலோ ஸ்க்ரூ டிறைவராலோ பனியைக் குத்தாமல் இருந்தேன் என்பதில் எனக்கு இன்றும் நிம்மதி உண்டு. சுருளின் அலுமினியக் குழாயில் ஓர் ஓட்டை விழுந்தால் காஸ் முழுவதும் போய்விடும், அதன் பின் செலவு வேறு கணக்கு.

தட்டின் பின்னால் சுருளே தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை, இரண்டு விரல் தடிப்பில், வெள்ளைச் சுவர் போலப் பனி. விசிறியின் இதழ்கள் வரை அது வந்திருந்தது. காற்றுப் போக வழியில்லாதபோது கீழ்த்தட்டுக்குக் குளிர் எப்படிப் போகும்? காஸ் குறைவு என்ற முடிவும் அந்த இடத்திலேயே விழுந்தது. காஸ் குறைந்தால் சுருளின் தொடக்கப் பகுதியில் மட்டும் பனி படியும், மிச்சம் வெறுமையாக இருக்கும். இங்கோ சுருள் முழுவதும் ஒரே சீராகப் பனி பிடித்திருந்தது. உருகிய தண்ணீரைத் துவாயால் ஒற்றி வாளியில் பிழிந்தபோது இரண்டரை லீற்றர் வந்தது.

எல்லாம் காய்ந்த பின் மூடிப் போட்டேன். மறுநாள் காலை கீழ்த்தட்டு 4 பாகை. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனினும் வெப்பமானிக் குவளையை நான் எடுக்கவில்லை; ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்குப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். ஆறு நாட்கள் 4 இலும் 5 இலும் நின்றது. ஏழாம் நாள் 6, எட்டாம் நாள் 7, ஒன்பதாம் நாள் 9, பதினோராம் நாள் 12. பனி திரும்பக் கட்டுகிறது. அதை உருக்க வேண்டிய அமைப்பு உருக்கவில்லை.

அந்த அமைப்பில் நான்கு உறுப்புகள் உண்டு. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை கொம்பிறசரை நிறுத்தி ஹீற்றருக்கு மின்சாரத்தை மாற்றிவிடும் ரைமர். சுருளின் கீழே இருக்கும் ஹீற்றர். சுருள் போதிய சூடு பெற்றதும் ஹீற்றரை நிறுத்தும் சிறிய ஈருலோக ஆளி (சுவிச்). மிகையாகச் சூடேறினால் ஒரே தடவையில் அறுந்து காப்பாற்றும் வெப்ப உருகி. இவற்றில் எது பழுது என்று அறிய மின்தடையையும் இணைப்பையும் சோதிக்கும் பல்மானி ஒன்றை 2,800 ரூபாவுக்கு வாங்கினேன். முதல் பிழையான திருப்பத்தை எடுத்தது அதன் பிறகுதான்.

பெட்டியை மறுபடியும் முழுவதும் உருக்கி, தட்டைக் கழற்றி, பிளக்கை வெளியே எடுத்துவிட்டு, இணைப்பிகளைப் பிரித்து ஒவ்வொன்றாக அளந்தேன். ஹீற்றரின் தடை 340 ஓம். 230 வோல்ற்றுக்கு அது 155 வாற்று அளவில் வரும், நல்லது. வெப்ப உருகியில் தடை இல்லை, அதுவும் நல்லது. ஈருலோக ஆளியில் பல்மானி எதையும் காட்டவில்லை, சுற்று திறந்திருந்தது, அதாவது மின்சாரம் போக வழியில்லை. பிடித்துவிட்டேன் என்று எண்ணி, அன்று பின்னேரமே கிளிநொச்சிக்குப் போய் 850 ரூபாவுக்குப் புதியது ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் அளந்தேன், புதியதும் திறந்திருந்தது. பழுதானதைத் தந்துவிட்டார்கள் என்ற கோபத்தோடு மறுநாள் அதே கடைக்குப் போனேன். கடையில் இருந்த ஐயா ஒன்றும் பேசாமல் அதை வாங்கி, தன் கடைப் பெட்டியின் உறைதட்டில் பதினைந்து நிமிடம் வைத்து, எடுத்து, தன் பல்மானியின் முனைகளைத் தொட்டார். இணைப்பு உண்டு என்பதைக் காட்டும் ஒலி எழுந்தது. “பிள்ளை, இது சூட்டில பிடிக்காது. குளிரிலதான் பிடிக்கும்” என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதுதானே அதன் வேலை. பனி இருக்கும்போது சுற்றை மூடி, ஹீற்றரை வேலை செய்யவிட்டு, பனி உருகிச் சூடேறியதும் திறந்து நிறுத்த வேண்டியது அது. உருக்கி முடித்த பெட்டியில், 34 பாகைச் சமையலறையில், அது திறந்திருப்பதே சரி. வீட்டுக்கு வந்து பழைய ஆளியைக் கழற்றி, பொலித்தீன் பையில் சுற்றி, உடைத்த ஐஸும் கல்லுப்பும் கலந்த கிண்ணத்தில் வெப்பமானியோடு அமிழ்த்தினேன். பூச்சியத்துக்குக் கீழே 7 பாகையளவில் மெல்லிய ஒரு சொடுக்கு, பல்மானி ஒலித்தது. பழையதில் ஒரு குறையும் இல்லை. அதையே திரும்ப மாட்டிவிட்டு, புதியதை அலுமாரியில் வைத்தேன்.

மிச்சம் ரைமர். எங்கள் பெட்டியில் அது பின்புறத்தின் அடியில், கொம்பிறசருக்குப் பக்கத்தில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை உறைக்குள் இருக்கிறது. அதன் முகத்தில் தட்டையான ஸ்க்ரூ டிறைவரால் திருப்பக்கூடிய ஒரு பிளவு உண்டு. மேலே 8 மணி என்று அச்சிட்டிருந்தது. அந்தப் பிளவின் ஒரு முனைக்கு நேராக, திருத்தும் வெள்ளை மையால் உறையில் ஒரு புள்ளி வைத்தேன். பெட்டி ஆறு மணி நேரம் இடைவிடாமல் ஓடியது. புள்ளியும் பிளவும் வைத்த இடத்திலேயே நின்றன. ஒரு துளி வெள்ளை மையால் கிடைத்த விடை இது. நான்கு வாரங்களாக நான் இதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. பெட்டியை மூன்று நாட்கள் ஓடவிட்டு, சுருளில் பனி பிடித்து ஈருலோக ஆளி மூடியிருக்கும் நிலையில், வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தம்பியை வாசலில் மின்மானிக்கு முன் நிறுத்தினேன். எங்கள் மானியின் முகத்தில் ஓர் அலகுக்கு 1600 துடிப்பு என்று எழுதியிருக்கிறது; சிவப்பு விளக்கு மினுங்குவதை எண்ணினால் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று கணக்கிடலாம். கொம்பிறசர் ஓடும்போது 17 செக்கனுக்கு ஒரு மினுக்கம், அதாவது 130 வாற்றுக்குச் சற்று மேல். நான் பிளவை மணிக்கூட்டுத் திசையில் மெதுவாகத் திருப்பினேன். சொடுக்கென்ற சத்தத்தோடு கொம்பிறசர் அடங்கியது. சில கணங்களில் தம்பி வாசலிலிருந்து, “அக்கா, பதினைஞ்சு செக்கனுக்கு ஒண்டு” என்று குரல் கொடுத்தான். அது ஹீற்றர். பத்து நிமிடத்தில் பின்னால் இருந்த நீர்த்தட்டில் முதல் சொட்டு விழுந்தது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் மினுக்கம் நின்றது, ஆளி திறந்துவிட்டது. ஹீற்றர், ஆளி, உருகி மூன்றும் உயிரோடு இருக்கின்றன, ரைமரின் மோட்டர் மட்டும் இறந்துவிட்டது என்பது உறுதியாயிற்று. பிளவைத் திருப்பிக் கொம்பிறசரை மீண்டும் ஓடவிட்டேன். அப்படித் திருப்பாமல் விட்டிருந்தால், நின்றுபோன ரைமர் உருக்கும் நிலையிலேயே கிடந்து பெட்டி முழுவதும் சூடாகியிருக்கும்.

அந்த மினுக்கக் கணக்கு இன்னொன்றையும் காட்டியது. காற்று அடைபட்டதால் கொம்பிறசர் ஓய்வின்றி ஓடியது. 24 மணி நேரத்துக்கு 3 அலகு. மாதம் 90 அலகு பெட்டிக்கு மட்டும். மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் கட்டண வீதமே மாறிவிடும் என்பதை இங்கே பட்டியல் கட்டும் எல்லோரும் அறிவார்கள். ஆடி மாதப் பட்டியல் ஏன் அப்படி ஏறியிருந்தது என்பதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். அந்நாட்களில் பெட்டி நாளாந்தம் தானாகவே உருகிவிடும். ரைமர் அப்போது நின்றிருந்தால்கூட வெளியே தெரிந்திருக்காது.

ரைமரைக் கழற்றும் முன் நான்கு வயர்களின் நிறங்களையும், அவை மாட்டியிருந்த முனைகளின் இலக்கங்களையும் படம் எடுத்து, கொப்பியிலும் எழுதிக்கொண்டேன். மோட்டரின் இரு முனைகளுக்கிடையே பல்மானி எதையும் காட்டவில்லை. கிளிநொச்சியில் இரண்டு கடைகளில் ஒத்த ரைமர் கிடைக்கவில்லை. வடிவம் ஒன்றாக இருந்தும் உள்ளே மோட்டரின் இணைப்பு வேறு முனைகளில் இருந்தது. உறையின் மேல் அச்சிட்ட சுற்றுப்படத்தை ஒப்பிடாமல் வாங்கியிருந்தால் இன்னொரு நாள் வீணாகியிருக்கும். பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஏ9 வீதியால் வவுனியாவுக்குப் போனேன். அங்கே மூன்றாவது கடையில் அதே படமுள்ளது 3,400 ரூபாவுக்குக் கிடைத்தது. கடையிலேயே மோட்டரை அளந்தேன்: 9 கிலோ ஓம். வீட்டில் பழையதை உடைத்துப் பார்த்தபோது, மயிரிழை போன்ற செப்புக் கம்பி சுருளின் முனையில் பச்சை பிடித்து அறுந்திருந்தது. மழைக்காலங்களில் சமையலறைத் தரையில் நிற்கும் ஈரம் அதற்குக் காரணமாக இருக்கலாம். ரைமர் இருக்கும் இடம் தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை.

புதியதை மாட்டி, அதிலும் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் பிளவு புள்ளியை விட்டு நகர்ந்திருந்தது. அன்றிரவு இரண்டரை மணியளவில் கொம்பிறசர் அடங்கி, நீர்த்தட்டில் தண்ணீர் சொட்டும் ஓசை கேட்டது. நான் எழுந்து போய்க் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஆனால் காலையில் மரக்கறித் தட்டின் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. சுருளின் அடியில் உள்ள வாய்க்காலிலிருந்து பின்புற நீர்த்தட்டுக்குப் போகும் துளை பாதி அடைபட்டிருந்தது. கொஞ்சம் பின்னால் போக, மிச்சம் கீழ்த்தட்டுக்குள் வழிந்திருக்கிறது. பல மாதங்களாக ஒழுங்காகத் தண்ணீர் ஓடாத துளையில் ஐஸும் அழுக்கும் சேர்ந்திருந்தன. மருந்தகத்தில் 120 ரூபாவுக்கு வாங்கிய பெரிய ஊசிக்குழாயால், கை பொறுக்கும் சூட்டுநீரைத் துளைக்குள் மெதுவாகச் செலுத்தினேன். அடுத்து, முல்லைத்தீவில் கடற்றொழில் செய்யும் உறவினர் ஒருவரிடம் வாங்கியிருந்த தடித்த தங்கூசியில் (மீன்பிடிக்கும் நைலோன் இழை) ஒரு முழம் வெட்டி, முனையை மெழுகுதிரியில் உருட்டி மழுக்கி, துளையினூடாகப் பின்புறம் வரை செலுத்தினேன். தங்கூசி வளைந்து கொடுக்கும், ஆனால் மடங்காது. கம்பியைப் போலக் குழாயைக் கிழிக்கவும் மாட்டாது. கறுப்பான சளி போன்ற அழுக்கு ஒரு தேக்கரண்டி அளவு வெளியே வந்தது. அரை லீற்றர் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றி, அவ்வளவும் பின்னால் வந்து சேர்வதைப் பார்த்த பின்னரே தட்டை மூடினேன். உடைந்த கொளுவியின் இடத்தில் ஒரு சிறிய ஆணி.

செலவு: பல்மானி 2,800, உறைபெட்டியையும் அளக்கக்கூடிய வயர் முனையுள்ள இலக்க வெப்பமானி 900, தேவையில்லாத ஈருலோக ஆளி 850, ரைமர் 3,400, ஊசிக்குழாய் 120, பேருந்துப் பயணங்கள் 1,100, மொத்தம் 9,170 ரூபா. பெட்டிக்கு உண்மையில் தேவைப்பட்டது ரைமரும் ஊசிக்குழாயும் மட்டுமே.

இன்னொரு தடவை இதே குறை வந்தால் நான் தட்டைக் கழற்றுவதிலிருந்து தொடங்க மாட்டேன். முதலில் ரைமரில் வெள்ளைப் புள்ளி வைத்து ஆறு மணி நேரம் காத்திருப்பேன். அடுத்து, பனி இருக்கும்போதே, உருக்குவதற்கு முன், ரைமரைக் கையால் திருப்பி மின்மானியின் மினுக்கத்தை எண்ணுவேன். இந்த இரண்டும் காசில்லாத சோதனைகள். பனியை உருக்கிவிட்டால் இரண்டாவதைச் செய்ய முடியாது. பெட்டியின் விவரத் தகட்டில் ஆர்-600ஏ என்று இருந்தால், அது தீப்பற்றும் வாயு என்பதால், கசிவுச் சந்தேகம் உள்ள இடத்தில் சூடான எதையும் கொண்டுபோக மாட்டேன்; எங்களுடையதில் ஆர்-134ஏ என்று இருந்தது.

புதிய ரைமர் போட்டு முப்பதாவது நாள் தட்டைக் கழற்றிப் பார்த்தேன். சுருளின் இதழ்களில் மெல்லிய வெண்மை மட்டும். இதழ்களுக்கிடையே விரல் நகம் போகும் இடைவெளி தெளிவாகத் தெரிந்தது. கீழ்த்தட்டு 4 பாகை, மேல்தட்டு பூச்சியத்துக்குக் கீழே 18. பெட்டியின் மின்பாவனை நாளுக்கு 1.4 அலகு. அன்று பின்னேரம் பக்கத்து வீட்டிலிருந்து அம்மாவின் குப்பிகளை எடுத்து வந்து, மூடியுள்ள சிறிய பெட்டியில் இட்டு, நடுத்தட்டின் முன்பக்கத்தில் வைத்தோம். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடுபடும். பின்சுவரோடு வைத்தால் குளிர்காற்று வரும் வாய்க்கு நேராகி உறையக்கூடும். இலக்க வெப்பமானியின் முனையையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே விட்டிருக்கிறேன். அதன் திரை கதவுக்கு வெளியே, அம்மா கண்ணாடி போடாமலே வாசிக்கக்கூடிய உயரத்தில் ஒட்டியிருக்கிறது.